மற்ற படகுகள்

கடற்கரைப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்,



போன மாதம் ஆசிரியர் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒரு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, புயல அடக்குற பாடம் வரும்போ நான் என்ன சொல்லணும்? எனக்க வகுப்புல மூணு பிள்ளைகளுக்கு அப்பா இல்ல." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நின்ற இடத்தில் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நவம்பர் கடைசி நெருங்குகிறது. ஒக்கிப் புயல் அடித்த நாளை ஒட்டி ஏதாவது ஒரு பங்கில் யாராவது ஒருவர் அந்தப் பாடத்தை எடுக்கத்தான் போகிறீர்கள். உங்களில் பலர் அந்த ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். ஆகவே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் அந்தப் பாடத்தை எடுத்தது 2017 டிசம்பர் 3. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. சவேரியார் திருநாளும் அன்றுதான். முந்தின வியாழக்கிழமை, நவம்பர் 30 அன்று, புயல் நம் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே போயிருந்தது. சாலையெல்லாம் மரம், கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது, கரண்ட் இல்லை. கோயில் முற்றத்தில் ஜெனரேட்டர் போட்டு, ஒரு பலகையில் பத்துப் பதினைந்து சுவிட்சு வைத்து, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். எந்த நேரமும் ஒரு போன் வரலாம் அல்லவா? கடலில் கிடந்தவர்கள் இரண்டு வகை. மாலையில் போய் விடியலில் திரும்பும் வள்ளக்காரர்கள் ஒரு வகை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்தில் இருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் பெரிய போட்டுக்காரர்கள் இன்னொரு வகை. கரையில் புயல் என்று சொன்ன நேரத்தில் இந்த இரண்டாம் வகையினர் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

அம்மாக்கள் கடற்கரையில் நின்றதால் பிள்ளைகளைக் கோயிலுக்குள் கூட்டி வைத்தேன். நாற்பது பேர் இருக்கும். மாற்கு நான்காம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். வாசித்துவிட்டு, இன்று வரை எனக்குள் முள்ளாகக் கிடக்கிற ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். நாம் உருகி ஜெபித்தால் அவர் எழும்புவார், காற்றை அடக்குவார், உங்கள் அப்பாக்கள் வந்துவிடுவார்கள் என்று சொன்னேன்.

முன் வரிசையில் இருந்த ஒன்பது வயதுப் பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், மத்த போட்டுகளுக்கு என்ன ஆச்சு?"

"எந்த போட்டு மக்கா?"

"இப்போ நீங்கதானே வாசிச்சிய. வேற போட்டும் கூட போச்சுண்ணு."

திரும்பப் பார்த்தேன். இருந்தது. இயேசு ஏறிய படகோடு வேறு படகுகளும் சென்றன என்று மாற்கு போகிற போக்கில் எழுதியிருக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் அதே புயலைச் சொல்கிறார்கள். அந்தப் படகுகளைச் சொல்லவில்லை. மாற்கும் அப்புறம் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை படகு, யார் யார் இருந்தார்கள், கரை சேர்ந்தார்களா, எதுவும் இல்லை. பல வருஷம் அந்தப் பாடத்தை எடுத்த எனக்கு அந்த வரி காதில் விழுந்ததே இல்லை. அப்பன் கடலில் கிடக்கிற பிள்ளைக்கு விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்து ஜெபமாலை தொடங்கினேன். அந்தக் கேள்வியின் மேல் ஜெபமாலையைப் போட்டு மூடினேன். அவனுடைய அப்பா போன போட்டு வரவே இல்லை.

என் அண்ணன் வந்தான். மகாராஷ்டிரக் கரையில் நம் போட்டுகள் நிறைய ஒதுங்கின, ஞாபகம் இருக்கும். அதில் ஒன்றில் இருந்து ஒன்பதாம் நாள் போன் வந்தது. அம்மா முற்றத்தில் ஓடி வந்து, ஆண்டவர் காப்பாத்திட்டாரு, நம்ம ஜெபத்தக் கேட்டுட்டாரு என்று கத்தினாள். சந்தோஷத்தில் கத்துகிறவளை என்ன சொல்ல? ஆனால் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டு அக்காவும் எங்களோடு உட்கார்ந்து அதே ஜெபமாலையைச் சொன்னவள்தான். அம்மாவுக்கே அது சட்டென்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போய், அண்ணனுக்கென்று விசேஷமாக எதுவும் வைக்காமல், அன்றைய கஞ்சியைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இரவு வெகுநேரம் திரும்பவில்லை. அங்கே என்ன பேசினாள் என்று கேட்டேன். ஒண்ணும் பேசல, உக்காந்திருந்தேன் என்றாள்.

அன்றிலிருந்து நான் நன்றி ஜெபத்தை மெதுவான குரலில்தான் சொல்லி வருகிறேன். நன்றி சொல்லக் கூடாது என்பதல்ல. என் அண்ணன் உயிரோடு வந்ததற்கு நான் கடவுளுக்குக் கடன்பட்டவள். ஆனால் எங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் உரக்கச் சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நானே தீர்ப்பு எழுதியதாகிறது. அந்தத் தீர்ப்பை எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. உங்களுக்கும் கிடையாது. வகுப்பில் தயவுசெய்து அதை எழுதாதீர்கள்.

சரி, பின்னே என்னதான் சொல்வது? அந்தப் பாடத்தையே நம் ஊர்க் கண்ணால் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். படகில் இருந்தவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நான்கு பேரும் வலைக்காரர்கள். புயல் அடித்த நவம்பர் 30 திருச்சபைக் காலண்டரில் அந்திரேயாவின் திருநாள் என்பதை அந்த வாரம் யாரும் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை; மனசு அதிலேயே கிடந்தது. இவர்கள் பயந்தார்கள் என்றால் கடல் தெரியாமல் பயந்தவர்கள் அல்ல. தண்ணீர் எந்த அளவுக்கு ஏறினால் படகு தாங்காது என்று தெரிந்து பயந்தவர்கள். நிபுணனின் பயம் அது. கரையில் இருந்துகொண்டு அதை விசுவாசக் குறைவு என்று சொல்வது எளிது.

இயேசு தூங்கியது படகின் பின்பக்கம், நம் ஆட்கள் அமரம் என்பார்களே, அங்கே. போட்டை ஓட்டுகிறவன் இருக்கும் இடம். சுக்கான் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் தலையணை வைத்துத் தூங்கினால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அவர்கள் அவரை எழுப்பிய விதத்தை மூன்று நற்செய்தியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மத்தேயுவில் அது வேண்டுதலாக இருக்கிறது. லூக்காவில் பதறிய கூப்பிடுதல். மாற்குவில் மட்டும் அது சண்டை: நாங்கள் சாகிறோமே, உமக்கு அக்கறையே இல்லையா என்று கேட்கிறார்கள். இதை யாரும் வெட்டி எடுக்கவில்லை. திருச்சபை இத்தனை நூற்றாண்டாக பலிபீடத்தில் நின்று இதை நற்செய்தி என்று வாசிக்கிறது. ஆகவே ஒரு பிள்ளையோ அதன் அம்மாவோ ஆண்டவரிடம் இந்தக் குரலில் பேசினால் அவர்கள் வழி தவறியவர்கள் அல்ல. சீடர்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. ஏன் பயப்படுகிறீர்கள், இன்னும் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று அவர் கேட்டாரே, அதை வைத்துத்தான் அந்த நாட்களில் வெளியூரில் இருந்து வந்த சிலர் நம் பெண்களைக் குத்திவிட்டுப் போனார்கள். மாற்குவில் வரிசையைப் பாருங்கள். முதலில் எழுந்தார், காற்றை அதட்டினார், கடல் அடங்கியது. அதன் பிறகுதான் கேட்டார். புயல் நின்ற படகில் கேட்ட கேள்வி அது. புயல் நிற்காத வீட்டில் போய் நின்று அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. கேட்பதென்றால் முதலில் காற்றை அடக்கிவிட்டுக் கேட்க வேண்டும். நம்மால் அது ஆகாது.

ஆண்டவரிடம் வழக்காடுவதும் விசுவாசமே என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது திருவிதாங்கூரிடம் சிக்கிய டிலனாய், பிறகு மன்னரின் படைக்கே தளபதியானார். அவருடன் பழகிய நீலகண்ட பிள்ளை என்ற அரசு அலுவலர், வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தார். டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை என்று பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அந்த நீலகண்டர்தான் நம் தேவசகாயம். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். பூசைக்குப் போய் வரும் நமக்கு இவ்வளவும் தெரியும். நான் நிற்கும் இடம் வேறு. உடைந்து போன ஒருவரிடம் விசுவாசத்தின் வாசலாக டிலனாய் காட்டியது, கடவுளிடம் வாய்விட்டு வழக்காடிய மனிதனின் கதையை. அற்புதங்களின் கதைகள் எத்தனையோ இருக்க, இதை எடுத்தார்.

அந்த யோபு புத்தகத்தைப் பொறுமையின் புத்தகம் என்று நாம் சுருக்கி வைத்திருக்கிறோம். யோபு முதல் இரண்டு அதிகாரத்தில்தான் பொறுமையாக இருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்து பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்கப்புறம் ஓயவே இல்லை. பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். பேசத் தொடங்கியதும் கெட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னார்கள், கடவுளுக்கு வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் கடவுள், இவர்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அடுத்த வீட்டில் அன்று இரவு அவள் அந்த ஏழு நாளில் ஒரு பங்கைச் செய்துவிட்டு வந்தாள். நான் டிசம்பர் 3 அன்று கோயிலுக்குள் செய்தது எட்டாம் நாள் வேலை.

உட்கார்ந்திருப்பது மட்டுமே தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சவேரியார் 1544இல் மணப்பாட்டில் இருந்து எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வடுகர் படை வந்து அடித்ததில் நம் ஆட்கள் குமரி முனைப் பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். இவர் இருபது தோணியில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் ஆகவில்லை, கயிறு கட்டி இழுத்தும் ஆகவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. பெரிய புனிதர், ஜெபிக்கத் தெரியாதவரா? காற்று அவருக்கும் நிற்கவில்லை. பிறகு அவர் கரைவழியாக நடந்து அந்த மக்களைப் போய்ப் பார்த்தார். கோட்டாற்றுத் திருவிழாவில் நாம் கும்பிடும் சவேரியாரைவிட, அந்தத் தோணியில் தோற்றுத் திரும்பி, மறுபடி நடந்து போன சவேரியார்தான் எனக்கு இப்போது நெருக்கம்.

ஒக்கியிலும் அதுதான் நடந்தது. தேட ஆள் வரவில்லை என்று ஆனபோது நம் ஆண்களே டீசல் சேர்த்து, தண்ணீர் கேன் ஏற்றி, மற்ற படகுகளைத் தேடிப் போனார்கள். சாவுக்குத் தப்பி வந்தவனே மறுநாள் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். பங்குச்சாமிமார் வந்தார்கள், சிஸ்டர்மார் வந்தார்கள், கைக்குழந்தையோடு பெண்கள் வந்தார்கள். அன்று இருட்டில் ஜல்லிக்கல் மேல் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைத் தேடித் தாருங்கள் என்று கேட்டதை நான் ஜெபத்தில் இருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. சீடர்கள் அமரத்தில் போய் எழுப்பினார்களே, அந்த மாதிரி எழுப்புதல்தான் அதுவும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் கடினம். உடல் கிடைக்காத வீடுகள். அன்று நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, காணாமல் போனவர் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொண்டார்கள். ஒக்கிக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தினார்கள், நல்லது. ஆனால் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அடுத்த வீட்டு அக்காவின் கை நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "நான் ஒப்பு போட்டா நான்தானே அவர சாவ வச்சதா ஆவும்?" என்று கேட்டாள். இறந்தோர் பூசைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் கொடுக்கமாட்டாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கான வேண்டுதலிலும் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் அவள் ஜெபத்தில் புருஷனின் பெயர் எங்கேயும் இல்லாமல் கிடந்தது. அவளுக்கு நான் 88ஆம் திருப்பாடலைக் காட்டினேன். மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை எப்படியாவது ஒரு நம்பிக்கை வார்த்தையில் வந்து நிற்கும். அது இருட்டிலேயே முடிகிறது. இதுவும் பைபிளிலதான் இருக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதில்தான் அவள் திரும்ப ஜெபிக்கத் தொடங்கினாள்.

வழிகாட்டுதல் என்று நாம் சொல்கிறோமே, அது எனக்குக் குரலாகவோ கனவாகவோ வந்ததில்லை. என் அப்பா வள்ளத்தில் இருந்து இடம் கண்டுபிடிக்கும் முறைதான் அதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம். கரையில் கோயில் கோபுரத்தைப் பார்ப்பார். அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை முகடு. இரண்டும் ஒரே நேரில் வந்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் இதே மாதிரி இன்னொரு ஜோடி. மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வள்ளம் எங்கே நகர்ந்தாலும் மலை அப்படியே இருப்பதுபோலத்தான் தோன்றும், பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டே பாறையில் ஏறிவிடலாம். கிட்ட இருக்கும் அடையாளத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்து போகலாம். உயிர்ப்பு உண்டு, கடல் தன்னிடம் இருப்பவர்களைத் திருப்பித் தரும் நாள் உண்டு என்று நான் முழு மனதோடு விசுவசிக்கிறேன். அது என் மலை. அந்த நாட்களில் கிட்ட இருந்த அடையாளங்கள் சார்ஜ் போடும் வரிசை, அடுத்த வீட்டுக் கஞ்சி, தாலுகா ஆபீஸ் விண்ணப்பம். இரண்டையும் ஒரு நேரில் வைத்துப் பார்த்த நாட்களில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

பவுல் போன கப்பலில் இருந்தவர்களும் அப்படித்தான் தப்பினார்கள். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைப் பெரிய பிள்ளைகளுக்கு எடுங்கள். நம் பிள்ளைகள் அதை விடமாட்டார்கள். ஆழம் விட்டுப் பார்க்கிறார்கள், இருபது பாகம். கொஞ்சம் போய்ப் பார்த்தால் பதினைந்து பாகம். அமரத்தில் இருந்து நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள். பதினான்கு நாள் சாப்பிடாமல் கிடந்த 276 பேருக்கு நடுவில் பவுல் எழுந்து, சாப்பிடுங்கள் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டுத் தின்னத் தொடங்குகிறார். கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவன் நீந்துகிறான், மற்றவன் பலகையைப் பிடித்துக் கரை ஏறுகிறான். நடுக்கடலில் ஒரு வாய் சாப்பாடு. ஆண்டவரின் தூதர் தன்னிடம் சொன்ன ஆறுதலை பவுல் அவர்களுக்கு அப்படித்தான் கைமாற்றினார்.

இப்போது வகுப்புக்கு வருவோம். அப்பா இல்லாத அந்த மூன்று பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வைத்துக் காட்சிப்பொருள் ஆக்க வேண்டாம். வழக்கம்போல அவர்கள் இடத்தில் இருக்கட்டும். மாற்கு நான்கை மெதுவாக வாசியுங்கள். மற்ற படகுகள் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று மாற்கு எழுதவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் பேசட்டும். கோபமாகப் பேசினாலும் பேசட்டும். நீங்கள் அழுதால் அழுங்கள். பிறகு வெளியே கூட்டிப் போங்கள். சவேரியார் தன்னால் போக முடியாத நோயாளி வீடுகளுக்கு மறைக்கல்விப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார். நம் தெருவிலும் அந்த மாதிரி வீடுகள் உண்டு. மூன்று நான்கு பிள்ளைகளாகப் போய் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு வரட்டும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அதில் விசுவாசம் குறையாது. பொய் வாக்குக் கொடுத்தால் குறையும், நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற படகுகளைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் இப்போது வளர்ந்து ஆளாகிவிட்டான். கடலுக்குப் போகவில்லை, டவுனில் வேலை கற்கிறான். கோயிலுக்கு அதிகம் வருவதில்லை; நான் வற்புறுத்துவதும் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அவனிடம் போய், அன்று நான் அப்படிச் சொன்னது தப்பு என்று சொன்னேன். தலையை ஆட்டினான், அவ்வளவுதான். போன நவம்பர் 30 அன்று சாயங்காலம் குருசடியில் மெழுகுதிரி வைக்கிற நேரத்தில் வந்து நின்றான். "திரி இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். எத்தனை வேணும் என்றேன். அப்பாவுக்கு ஒன்று என்பான் என்றுதான் நினைத்தேன்.

"வராத போட்டுக்கெல்லாம் ஒவ்வொண்ணு" என்றான்.

எங்கள் ஊர்க் கணக்கு எனக்கு மனப்பாடம். எண்ணி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து ஊர்க் கணக்கைக் கேட்டான். அது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இந்த வருஷத்துக்குத் திரியை நான் மொத்தமாக வாங்கி வைக்கிறேன். உங்கள் உங்கள் ஊரில் திரும்பாத படகுகள் எத்தனை என்று விசாரித்து, பெயரோடு எழுதி, 28ஆம் தேதிக்குள் எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா